பல் போனால் சொல் போச்சு, படிப்புப் போனால்?

"பல் போனால் சொல் போச்சு" என்பார்கள் நம் வீட்டுப் பாட்டிமார்கள். சொல்லையே படைக்கலனாக ஏந்தி, மேடையையே பாசறையாகக் கொண்டு வளர்ந்த இயக்கத்தினர் நாம். பல்லின் அருமை மற்றவர்களைவிட நமக்குச் சற்று அதிகமாகவே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருக்கிறதா? அந்த ஐயம் எனக்குப் பிறந்தது தருமபுரிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில்.

கூட்டம் முடிந்து இரவு பத்து மணி. தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். சுற்றிலும் தோழர்கள்: கல் உடைப்பவர், லாரியில் மூட்டை ஏற்றுபவர், மாம்பழத் தோப்பிலே கூலிக்குப் போகிறவர். வேடிக்கையாக ஏதோ சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். ஓர் இளைஞர் மட்டும் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயை மூடிக்கொண்டு சிரித்தார். பக்கத்திலிருந்தவரோ கையால் மறைத்துக்கொண்டார்.

"ஏன் தோழரே, சிரிப்புக்குமா தடை உத்தரவு?" என்று கேட்டேன்.

துண்டை விலக்கிக் காட்டினார். வரிசையாகத்தான் இருந்தன பற்கள். ஆனால் ஒவ்வொன்றிலும் பழுப்புக் கறை. இரண்டு மூன்றில் குழி.

"எங்க ஊரு தண்ணி அப்படிங்கண்ணா. சாம்பல், செங்கல் தூள் எல்லாம் போட்டுத் தேய்ச்சுப் பார்த்தாச்சு. போகலை. பொண்ணு பார்க்கப் போனா மொதல்ல பல்லைத்தான் பார்க்கறாங்க" என்றார்.

மேடையிலே ஒரு மணி நேரம் முழங்கியவன் நான். அந்த ஒரு வரிக்கு என்னிடம் மறுமொழி இல்லை.

அப்போதுதான் மூலையில் உட்கார்ந்திருந்த மூத்த தோழர் ஒருவர் வாய் திறந்தார். "எம் பொண்ணு பன்னண்டாவது படிக்குதுங்க, கவருமெண்டு பள்ளிக்கூடம். பல் டாக்டருக்குப் படிக்கணும், நம்ம ஊருப் பல்லையெல்லாம் வெள்ளையாக்கணும்னு சொல்லிக்கிட்டுத் திரியுது. நம்ம புள்ளைக்கு அதெல்லாம் கிடைக்குமாண்ணா?"

தோழர்களே, அந்தக் கேள்விக்கான விடைதான் இந்தக் கட்டுரை.

கறை வந்த கதை

அந்த இளைஞர் செய்த குற்றம் என்ன? பல் தேய்க்கவில்லையா? ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் அந்த ஊரில் இல்லையா? எல்லாம் உண்டு. குற்றம் பல்லிலே இல்லை, நிலத்துக்கடியிலே இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம் பாறை நிலம். ஆழத் துளைத்து எடுக்கும் தண்ணீரில் புளூரைடு என்னும் உப்பு கரைந்து வருகிறது. ஒரு லிட்டர் குடிநீரில் அது 1 மில்லிகிராம் இருக்கலாம், 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது அளவு. அளவு மீறிய தண்ணீரைக் குழந்தைப் பருவத்திலிருந்து குடித்தால், ஈறுக்குள்ளே பல் உருவாகும்போதே அதன் மேற்பூச்சு கெட்டுவிடுகிறது. பல் முளைக்கும்போதே கறையோடு முளைக்கிறது. பிறகு சாம்பல் போட்டுத் தேய்த்தென்ன, சந்தனம் போட்டுத் தேய்த்தென்ன?

இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008இல் கலைஞர் அடிக்கல் நாட்டினார். 2013இல் ஜெயலலிதா ஆட்சியில் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. காவிரித் தண்ணீர் குழாயிலே வந்தது. நல்லது, நனிநல்லது! ஆனால் அதற்கு முன்பே பழைய தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களின் பல்? தண்ணீர் வந்துவிட்டது, அந்தப் பல்லைப் பார்க்க ஆள் வரவில்லை. கறையை மறைக்கவும், குழியை அடைக்கவும், பல்லுக்கு உறை போடவும் மருத்துவத்தில் வழி இருக்கிறது. வழி இருக்கிறது, வழிகாட்ட அந்த ஊரில் மருத்துவர் இல்லை.

"டாக்டர்கிட்டக் காட்டினீங்களா?" என்று கேட்டேன். "ரெண்டு பஸ் மாறணும்ணா. ஒரு நாள் கூலி போயிரும். சிரிக்கறதுக்காகக் கூலியை விட முடியுமா?" என்றார்.

சிரிக்கும் உரிமைக்கு ஒரு நாள் கூலி விலை! கேட்டீர்களா தோழர்களே!

வலி எங்கே போய் முடிகிறது?

"பல்லுக்காகவா இத்தனை ஆர்ப்பாட்டம்? பசிக்குச் சோறு, படுக்க இடம், இவற்றுக்குப் பின்னால்தானே பல்?" என்று சிலர் கேட்கலாம். பல்வலி வந்து பாயிலே புரண்டவர்கள் கேட்கமாட்டார்கள்.

பல்லிலே ஒரு கரும்புள்ளி விழுகிறது. அன்றே பார்த்தால் அரை மணி நேர வேலை. அடைத்துவிடலாம், பல் தப்பிக்கும். ஏழை பார்ப்பதில்லை, பார்க்க இடமில்லை. புள்ளி குழியாகிறது, குழி வேருக்கு இறங்குகிறது. இரவெல்லாம் வலி. கிராம்பை வைத்துக் கடிக்கிறார். பெட்டிக்கடையிலே வலி மாத்திரை வாங்கி விழுங்குகிறார். அதற்கும் அடங்காதபோது யாரோ சொல்கிறார்: "கொஞ்சம் பொகையிலையை அடக்கிக்க, மரத்துப் போயிரும்." அடக்கிக்கொள்கிறார். மரத்துப் போகிறது. மறுநாளும் அடக்கிக்கொள்கிறார். வலி போன பிறகும் புகையிலை போகவில்லை! மருந்தாக வந்தது வழக்கமாகிவிட்டது.

2016-17இல் எடுத்த நாடு தழுவிய கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் வயது வந்தோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஏதாவது ஒரு வடிவில் புகையிலைப் பழக்கம் உண்டு. கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளையாக ஒரு படலம் தோன்றும். வலிக்காது. வலிக்காததால் யாரும் பொருட்படுத்துவதில்லை. பாக்கை ஓயாமல் மெல்பவர்களுக்கோ வாய் மெல்லமெல்ல இறுகிவிடும். நான்கு விரல் நுழைந்த வாயில் இரண்டு விரல் நுழையாது. இவையெல்லாம் எச்சரிக்கை மணிகள். பல் மருத்துவர் ஒரு சிறு கண்ணாடியும் விளக்கும் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடிக்கப்படாதவை புற்றுநோயாக முற்றலாம். 2020ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய்க் கணக்குப்படி, அந்த ஓராண்டில் மட்டும் இந்தியாவில் உதட்டிலும் வாயிலும் புற்று வந்தவர்கள் 1,35,000க்கு மேல்! இந்நாட்டு ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் இதற்குத்தான்.

யார் அந்த ஆண்கள்? மூட்டை தூக்குபவர், லாரி ஓட்டுபவர், கல் உடைப்பவர். பசியை மறக்கவும், தூக்கத்தை விரட்டவும், வலியை மரக்கச் செய்யவும் புகையிலையை நாடியவர். நம்மவர்! பல் விஷயம் பகட்டு விஷயமல்ல, பாட்டாளியின் உயிர் விஷயம்.

எழுபது ஆண்டு இடைவெளி

சரி, இவர்களைப் பார்க்க வேண்டிய மருத்துவர் எங்கே உருவாகிறார்? அந்தக் கதையையும் கேளுங்கள்.

இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி 1920இல் கல்கத்தாவில் பிறந்தது. வெள்ளைக்கார அரசு கட்டிக் கொடுத்ததல்ல. ரபியுதீன் அகமது என்ற வங்காளத்து இளைஞர் அமெரிக்காவின் அயோவாவுக்குச் சென்று பல் மருத்துவம் கற்றுத் திரும்பி வந்து, தம் முயற்சியால் தொடங்கியது. 1948இல் பல் மருத்துவர் சட்டம் வந்தது. 1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகப் பல் மருத்துவப் படிப்பு தொடங்கியது. அதுதான் வளர்ந்து இன்றைய தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி.

1953இல் ஒன்று. அடுத்தது? 1980இல் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு கல்லூரி எழுந்தது. ஆனால் அது அரசுக் கல்லூரி அல்ல. பிறகு தனியார் கல்லூரிகள் முளைத்தன, மழைக்குப் பின் காளான் போல! தனியாரும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுமாகச் சேர்த்து இருபதுக்கு மேல். அரசு புதிதாக ஒன்றை எழுப்பியது எப்போது? 2023 நவம்பரில், புதுக்கோட்டையில்!

1953. 2023. கூட்டிக் கழித்துப் பாருங்கள், எழுபது ஆண்டுகள்! இந்த எழுபது ஆண்டுகளில் எத்தனை ஆட்சிகள் வந்தன, போயின! காங்கிரசு ஆண்டது, நாம் ஆண்டோம், அவர்கள் ஆண்டார்கள். பிறர் குறையைப் பேசும்போது நம் குறையை மூடி மறைக்கும் வழக்கம் நமக்கு வேண்டாம். மருத்துவக் கல்லூரிகளை மாவட்டந்தோறும் கொண்டு செல்லத் துணிந்த தமிழகம், பல் மருத்துவத்தைத் தனியார் கையிலே விட்டுவிட்டு நெடுநாள் தூங்கிவிட்டது. புதுக்கோட்டை அந்தத் தூக்கம் கலைந்ததற்கு அடையாளம். கண் விழித்தால் போதாது. எழுந்து நடக்க வேண்டும்.

சிதம்பரம் சொல்லும் பாடம்

நடுவிலே ஒரு போராட்டம் நடந்தது. அதை நம் தோழர்கள் மறக்கக் கூடாது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013இலேயே அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. பெயர்ப் பலகையில் அரசு வந்தது; கட்டணச் சீட்டில் வரவில்லை! அங்கே மருத்துவமும் பல் மருத்துவமும் படித்த பிள்ளைகள் ஆண்டுக்கு இலட்சக்கணக்கில் கட்டிக்கொண்டே இருந்தார்கள். "அரசுக் கல்லூரி என்றால் அரசுக் கட்டணம் எங்கே?" என்று கேட்டு 2020 டிசம்பரில் போராடத் தொடங்கினார்கள். மார்கழிக் குளிரில், வாரக்கணக்கில் போராடினார்கள். விடுதியை மூடிப் பார்த்தார்கள், பிள்ளைகள் கலையவில்லை. 2021இல் அந்தக் கல்லூரிகள் மக்கள் நல்வாழ்வுத் துறையின்கீழ் வந்தன. கடலூர் மாவட்டத்தின் அரசுக் கல்லூரிகளாயின. இலட்சங்களில் இருந்த கட்டணம் ஆயிரங்களுக்கு இறங்கியது.

அதே கட்டடம், அதே நாற்காலி, அதே ஆசிரியர், அதே பாடம். மாறியது ஒன்றே ஒன்று: கட்டணம். அது மாறியதும் அந்தக் கல்லூரியின் கதவு ஏழைக்குத் திறந்தது. பூட்டு எங்கே இருந்தது என்பது இப்போது புரிகிறதல்லவா?

காலி நாற்காலிகள்

பூட்டு எங்கே என்பது புரியாதவர்களுக்கு இன்னொரு சான்று. இந்தியாவில் பல் மருத்துவக் கல்லூரிகள் முந்நூறுக்கு மேல். ஆண்டுதோறும் இருபத்தையாயிரத்துக்கு மேற்பட்ட இடங்கள். "இவ்வளவு இடமிருந்தும் கிராமத்துப் பிள்ளைக்கு ஓர் இடம் இல்லையா?" என்று வியப்பீர்கள். இன்னும் வியப்பான செய்தியைக் கேளுங்கள். 2020-21 கல்வியாண்டில் ஏறத்தாழ 7,000 இடங்கள் காலியாகவே கிடந்தன! வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. 2021 பிப்ரவரியில் நீதிமன்றம், நீட் தேர்வின் தகுதி வரம்பைக் குறைத்து அந்த இடங்களை நிரப்பச் சொன்னது. தனியார் கல்லூரிகள் கட்டணத்தைக் குறைப்பது பற்றியும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று அதே தீர்ப்பில் சொன்னது.

பந்தியிலே ஏழாயிரம் இலை காலி. வாசலிலே பசித்தவன் நிற்கிறான். உள்ளே விடாதது ஏன்? இலைக்கு விலை வைத்திருக்கிறார்கள்! பசியிருப்பவனிடம் பணமில்லை, பணமிருப்பவனுக்கு இந்தப் பந்தியிலே பசியில்லை. சோறு ஆறிப்போனாலும் பரவாயில்லை, விலை இறங்கக் கூடாது என்கிறார்கள். இதற்குப் பெயர்தான் கல்விச் சந்தையோ!

நீட் என்னும் நெடுஞ்சுவர்

பணம் ஒரு பூட்டு. இன்னொரு பூட்டு தேர்வு. அதுவும் நாம் ஒருமுறை உடைத்த பூட்டு!

நுழைவுத் தேர்வு கிராமத்துப் பிள்ளையை வடிகட்டுகிறது என்று கண்டு, 2006இல் கலைஞர் ஆட்சியில் சட்டம் இயற்றி அதை ஒழித்தோம். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அளவுகோலானது. கூலி வேலை செய்பவரின் பிள்ளை, பள்ளியிலே படித்த பாடத்தை வைத்தே மருத்துவப் படிப்பைத் தொட முடிந்தது. 2017இல் நீட் நம் தலைமீது சுமத்தப்பட்டது. பல் மருத்துவத்துக்கும் அதுதான் வாயில். பள்ளியிலே பன்னிரண்டு ஆண்டு படித்தது போதாதாம்; பயிற்சி நிலையத்திலே பணம் கட்டிப் படித்தால்தான் தகுதியாம்! தகுதி என்ற சொல்லுக்குத்தான் எத்தனை வேடம்! 1921இலே வகுப்புரிமை ஆணை பிறந்தபோதும், 1928இலே முத்தையா முதலியார் அதைச் செயலுக்குக் கொண்டுவந்தபோதும், "தகுதி போச்சே, திறமை போச்சே" என்ற ஒப்பாரி கேட்டது. அதே ஒப்பாரியைத்தான் இன்று வேறு மெட்டில் பாடுகிறார்கள்.

நீட் கூடாது என்று 2021 செப்டம்பரில் தமிழகச் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. 2022 பிப்ரவரியில் ஆளுநர் திருப்பி அனுப்பினார். அதே மாதத்திலே மீண்டும் நிறைவேற்றி அனுப்பினோம். 2025 ஏப்ரலில், ஒன்றிய அரசு ஒப்புதல் தர மறுத்துவிட்டது என்ற செய்தி சட்டமன்றத்திலே அறிவிக்கப்பட்டது. ஒரு மாநில மக்களின் ஒருமித்த குரலுக்குக் கிடைத்த மதிப்பு அவ்வளவுதான்.

சுவரை இடிக்க முடியாத நிலையிலே சுவரில் ஒரு வாசல் வைக்கப்பட்டது. அதுதான் 7.5 விழுக்காடு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து, நீட்டிலும் தேறிய பிள்ளைகளுக்கு, மருத்துவம், பல் மருத்துவம் ஆகிய படிப்புகளில் தனி ஒதுக்கீடு. நீதியரசர் கலையரசன் குழு பரிந்துரைத்தது 10 விழுக்காடு. 2020 செப்டம்பரில் சட்டமன்றத்தில் நிறைவேறியது 7.5. கொண்டுவந்தது அன்று ஆண்ட அ.தி.மு.க.; ஆதரித்தது அன்று எதிர்க்கட்சியாக இருந்த தி.மு.க. ஆளுநர் மாளிகையில் அந்தக் கோப்பு ஒரு மாதத்துக்கு மேல் உறங்கியபோது, அதை எழுப்பத் தெருவிலே இறங்கிப் போராடினோம். அக்டோபர் 30ஆம் நாள் ஒப்புதல் வந்தது. நல்லதை யார் செய்தாலும் நல்லதென்று சொல்வதில் நமக்கு நாணமில்லை.

பயன் என்ன தெரியுமா? அதற்கு முந்தைய ஆண்டு அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவம் சேர்ந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த ஆண்டில் நானூறுக்கு மேற்பட்ட இடங்கள் கிடைத்தன. அவற்றுள் ஏறத்தாழ தொண்ணூறு பல் மருத்துவ இடங்கள்.

ஆனால் அங்கேயும் ஒரு கொடுமை நடந்தது. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்த பிள்ளைகள் சிலர், கலந்தாய்வு மேசையிலே கட்டணத் தொகையைப் பார்த்தார்கள். அப்பாவின் முகத்தைப் பார்த்தார்கள். "வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். பன்னிரண்டு ஆண்டு உழைப்பு, ஒரு நொடியிலே! கட்டணத்தைக் கழகம் ஏற்கும் என்று தளபதி அறிவித்தார். அரசே ஏற்கும் என்று அன்றைய முதலமைச்சரும் அறிவித்தார். அறிவிப்பு வருமுன்னே இடத்தை விட்டுவிட்டவர்களில் சிலர் நீதிமன்றப் படியேற நேர்ந்தது. வாசலைத் திறந்தால் மட்டும் போதாது, படிக்கட்டும் கட்டித் தர வேண்டும் என்ற பாடத்தைக் கண்ணீர் சிந்திக் கற்றோம்.

"மருத்துவர்கள்தான் மலிந்துவிட்டார்களே!"

இந்த இடத்திலே படித்தவர் ஒருவர் குறுக்கிடுவார். "பல் மருத்துவம் முடித்தவர்களே நகரத்தில் வேலையில்லாமல் அலைகிறார்கள். தெருவுக்கு மூன்று பலகை தொங்குகிறது. இன்னும் கல்லூரி எதற்கு? இன்னும் மாணவர் எதற்கு?"

கேள்வியிலே நியாயம் இருக்கிறது, ஒதுக்கித் தள்ளமாட்டேன். நகரத்துத் தெருவிலே மூன்று பலகை. நாற்பது ஊருக்கு நடுவிலே ஒரு பலகை இல்லை. இரண்டும் ஒரே நாட்டிலே! காரணம் என்ன? இலட்சங்களைக் கொட்டிப் படித்தவர், கொட்டியதை அள்ளியாக வேண்டும். கிராமத்திலே அள்ள என்ன இருக்கிறது? கடன் வாங்கிப் படித்தவரைக் கிராமத்துக்கு வரவில்லையென்று ஏசிப் பயனில்லை. அவரை நகரத்திலே கட்டிப்போட்டிருப்பது அந்தக் கடன்தான்.

கிராமத்துக்கு யார் வருவார்? கிராமத்தில் பிறந்தவர் வருவார். கடனில்லாமல் படித்தவர் வருவார். வந்தால் சம்பளம் உண்டு, நாற்காலி உண்டு என்றிருந்தால் வருவார். கற்பனை அல்ல, உலகத்திலே செய்து பார்த்த செயல்.

அமெரிக்காவின் வட கோடியில் அலாஸ்கா என்று ஒரு பனி நாடு. அங்கே ஆதிக்குடி மக்களின் சிற்றூர்கள் பலவற்றுக்குச் சாலையே கிடையாது. சிறு விமானத்திலோ படகிலோதான் போக வேண்டும். எப்போதோ ஒருமுறை வரும் பல் மருத்துவருக்காக ஊரே வாயைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். அந்த மக்களின் அமைப்புகள் என்ன செய்தன? 2003இல் தங்கள் பிள்ளைகளையே தேர்ந்தெடுத்து, கடல் கடந்து நியூசிலாந்து நாட்டின் ஒடாகோ பல்கலைக்கழகத்துக்கு அனுப்பின. ஏன் நியூசிலாந்து? அந்நாடு 1921இலேயே இளம் பெண்களுக்கு இரண்டாண்டுப் பயிற்சி தந்து, பள்ளிக்கூடங்களிலே பிள்ளைகளின் பல்லைப் பார்க்கும் பணியில் அமர்த்திய நாடு. பயிற்சி முடித்த பிள்ளைகள் தங்கள் பனி நாட்டுக்கே திரும்பினார்கள். பல் அடைத்தார்கள், பல் எடுத்தார்கள், பல் கெடாமலிருக்கச் சொல்லித் தந்தார்கள். பொறுத்துக்கொள்ளுமா மேட்டுக்குடி? பல் மருத்துவர்களின் சங்கமே 2006இல் வழக்குத் தொடுத்தது. 2007இல் நீதிமன்றம் அந்த ஏழைப் பிள்ளைகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது!

கிராமத்துக்கு அரைப் படிப்புப் போதும் என்று சொல்ல இதை எடுத்துக்காட்டவில்லை. நம் பிள்ளைக்கு முழுப் படிப்பே வேண்டும்; நான்காண்டுப் பாடமும் ஓராண்டுப் பயிற்சியும் முழுதாக வேண்டும். அலாஸ்காவிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: ஊரிலிருந்து எடு, ஊருக்காகப் பழக்கு, ஊரிலே அமர்த்து.

கேட்க வேண்டியவை

ஆகவே நாம் கேட்கிறோம். எந்த ஆட்சி இருந்தாலும் கேட்போம். நம் ஆட்சியானால் உரிமையோடு கேட்போம்.

ஒன்று: புதுக்கோட்டையோடு நிற்கக் கூடாது. பற்கறை படிந்த தருமபுரியில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதன் அருகிலே ஓர் அரசு பல் மருத்துவக் கல்லூரி எழட்டும். நோய் இருக்கும் இடத்திலே கல்லூரி இருந்தால் பிள்ளைக்குப் படிப்பு, மக்களுக்கு மருத்துவம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!

இரண்டு: ஆரம்ப சுகாதார நிலையங்களிலே பல் மருத்துவர் பணியிடங்களைப் பெருக்க வேண்டும். 2021இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்தை வீட்டு வாசலுக்கே கொண்டுபோனது. அப்படிப் போகிற கால்கள், போகிற வீட்டிலே வாயையும் ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லட்டும். பணியிடம் இல்லாமல் பட்டம் மட்டும் தருவது, ஏர் கொடுத்து நிலம் கொடுக்காத கதை.

மூன்று: ஒதுக்கீட்டில் சேரும் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணத்தை அரசு ஏற்கிறது. ஆனால் பல் மருத்துவ மாணவர் கருவிகள் வாங்க வேண்டும், பழகுவதற்குப் பல் மாதிரிகள் வாங்க வேண்டும். அந்தச் செலவிலே இடறி விழும் பிள்ளைகள் உண்டு. கருவியையும் கல்லூரியே கொடுக்கட்டும்.

நான்கு: 1948ஆம் ஆண்டுச் சட்டமே பல் மருத்துவரோடு, பல் சுகாதாரப் பணியாளரையும் செயற்கைப் பல் செய்பவரையும் ஏற்றிருக்கிறது. அந்தப் பட்டயப் படிப்புகளை மாவட்டங்களுக்குக் கொண்டு போகட்டும். பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிடும் எத்தனையோ பெண்களுக்கு அது வாழ்வு.

நாம் செய்ய வேண்டியது

அரசைக் கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது நம் மரபல்ல. முடிதிருத்தும் கடையிலும் தேநீர்க் கடையிலும் ஏடுகளைப் படிக்க வைத்து, ஊருக்கு ஊர் படிப்பகம் கட்டிய இயக்கம் இது. இன்று பல படிப்பகங்களில் பழைய ஏடும் படமும்தான் இருக்கின்றன. அங்கே மாலையிலே ஒரு விளக்கைப் போடுங்கள். அரசுப் பள்ளியிலே பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகளை உட்கார வையுங்கள். ஊரிலே கல்லூரி முடித்தவர் யாரேனும் உயிரியல் சொல்லித் தரட்டும், வேதியியல் சொல்லித் தரட்டும். நீட்டை எதிர்ப்போம், எதிர்த்துக்கொண்டே, அது நிற்கும் வரை நம் பிள்ளையை அதிலே ஏற்றியும் விடுவோம். இரண்டும் முரணல்ல.

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று. இவற்றில் ஒன்று குறைந்தாலும் கலந்தாய்விலே இடம் கைநழுவும். கூலிக்காரத் தந்தை எத்தனை அலுவலகம் ஏறி இறங்குவார்? கிளைச் செயலாளர் ஏறி இறங்கட்டும்! கொடி கட்டிய கை விண்ணப்பத்தையும் நிரப்பட்டும். கலந்தாய்வுக்குச் சென்னை வரும் பிள்ளைக்கும் தந்தைக்கும் ஒரு வேளைச் சோறும் ஓர் இரவுப் பாயும் சென்னைத் தோழர்கள் தரட்டும். அதைவிடப் பெரிய மாநாடு எது?

தருமபுரித் தோழருக்கு இப்போது விடை சொல்கிறேன்.

"நம்ம புள்ளைக்குக் கிடைக்குமாண்ணா?" என்று கேட்டீர்கள். கிடைக்கும் என்று கைதட்டலுக்காக அன்றிரவே நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, காரணம் உண்டு. சட்டத்திலே வாசல் இருக்கிறது. ஆனால் வாசலிலே சுவரும் இருக்கிறது, சுவருக்கு அப்பால் செலவும் இருக்கிறது. ஒரு பெண் தனியாகத் தாண்டக் கூடியதல்ல அது. ஊர் சேர்ந்து தூக்கிவிட்டால் தாண்டுவாள். தாண்டியவள் திரும்பி வருவாள். அந்த ஊர்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள், அந்தக் கறை என்னவென்று அறிந்தவள் வராமல் வேறு யார் வருவார்?

அவள் வந்து நாற்காலி போட்டு உட்காரும் நாளில், துண்டால் வாயை மூடிக்கொண்ட அந்த இளைஞரை முதல் ஆளாக அனுப்பி வையுங்கள். அடுத்த முறை உங்கள் ஊர்க் கூட்டத்துக்கு வரும்போது, அதே கடையிலே, அதே பெஞ்சிலே ஒரு வேடிக்கை சொல்வேன். அவர் சிரிக்க வேண்டும், துண்டு தோளிலேயே கிடக்க வேண்டும்!